கொளஞ்சியின் ஆபரேஷன்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை தூங்கிவிட்டான். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் தம்பி கொளஞ்சிதான்.

எண்பத்து நான்காம் வருஷம், மாசி மாதம். பெண் வீடு கீழப்பழுவூரில். அப்பா அம்மா இல்லாத பையன் என்பதால் நானும் என் வீட்டுக்காரர் கருப்பண்ணனும் அவனை அரியலூரிலிருந்து அழைத்துப் போயிருந்தோம். மடக்கு நாற்காலி அவனைத் தாங்காது, பெஞ்சு போட்டு வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தேன். வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து, பெண்ணின் தாய்மாமன் இராமலிங்கம் எந்த ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது என் பக்கத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போகும், திடீரென்று நிற்கும். மூச்சும் சேர்ந்து நிற்கும். இனி வராது என்று நினைக்கும் நேரத்தில் ஒரு பெரிய இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிக்கும்.

பெண் காபித் தம்ளரோடு வந்து நிற்கிறாள். இவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். விழித்துக்கொண்டவன், "எத்தன டன்னு?" என்று கேட்டான்.

கூடத்தில் ஒரே சிரிப்பு. கொளஞ்சிக்கு வேலை, சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடை மேடையில் நிறுத்தி எடை பார்ப்பது. தூக்கத்திலும் அதே நினைப்பு. "மாப்ளைக்கு ராத்திரி டூட்டியோ?" என்றார் இராமலிங்கம். "ஆமாங்க, லாரி நேரங்கெட்ட நேரத்துலல்லாம் வருதுங்க" என்று நானும் கூசாமல் சொன்னேன். பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பெயர் செங்கமலம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காபியைக் கீழே வைத்துவிட்டு என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, டூட்டி அது இதுன்னு சொல்லாதீங்க. அவருக்கு மூச்சு நின்னு நின்னு வருது. எங்கப்பாவுக்கும் இப்புடித்தான் வரும். நல்ல பெரிய ஒடம்பு. ஒரு நாளு மத்தியானம் சாப்டுட்டுப் படுத்தாரு. நின்ன மூச்சு திரும்பல. எனக்கு அப்ப ஒம்போது வயசு."

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"அவரப் புடிக்கலன்னு நான் சொல்லலக்கா. மொகம் நல்ல மொகமா இருக்கு. ஆனா எங்கம்மா பட்டத கூடவே இருந்து பாத்தவ நான். தாலி அறுக்கறதுக்குன்னு ஒருத்தரக் கட்டிக்க மாட்டேன். ஒடம்பக் கொறச்சுக்கிட்டு உசுரோட இருக்கற ஆளா வரச் சொல்லுங்க. தை வரைக்கும் மாமாவ நான் நிறுத்தி வக்கிறேன்."

சுரீரென்று ஏறியது எனக்கு. என் பெயர் வேம்பு. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியம் அதுதான். ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னதில் பிழையான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தம்பியிடம் சொன்னேன். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவன், அரியலூர் நெருங்கும்போது கேட்டான்:

"தை வரைக்கும்னா சொன்னுச்சு?"

"ஆமா."

"செரி."

அவ்வளவுதான். ஆனால் அந்த 'செரி'யை நான் அறிவேன். சின்ன வயதில் நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பதற்கு முன்னாலும் அப்படித்தான் சொன்னான்.

அவன் எவ்வளவு எடை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினால் முள் கடைசி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நிற்கும். கமிஷன் மண்டியில் மல்லாட்டை மூட்டை நிறுக்கும் தராசில் ஏறலாம். ஆனால் அங்கே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும் என்று போக மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் தன் எடை மேடையிலேயே ஏறி நின்றான். லாரிக்காகச் செய்த மெஷின் ஆயிற்றே, அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நூற்றைம்பதற்கும் நூற்றறுபதுக்கும் நடுவில் ஆடிக்கொண்டு நின்றது. முப்பத்தொரு வயதில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இரண்டு முழங்காலிலும் வலி. தரையில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஊரில் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள். கொள்ளுக் கஞ்சி குடி என்பான் ஒருவன், வெந்நீரில் தேன் விடு என்பான் இன்னொருவன், வாயைக் கட்டு என்பார்கள் எல்லோரும். வாயைக் கட்டவில்லையா அவன்? மாசியிலிருந்து வைகாசி வரை கேழ்வரகுக் கூழும் மோரும்தான். சமைத்துப் போட்டவள் நான், எனக்குத் தெரியும். பசியில் கை நடுங்க நடுங்க லாரிச் சீட்டு எழுதியிருக்கிறான். காலையில் செட்டி ஏரிக்கரையில் நடந்து நடந்து கால் வீங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பத்துக் கிலோ போல இறங்கியது. ஒரு காய்ச்சலில் பத்து நாள் நடை நின்றது. இறங்கியது அத்தனையும் வட்டி போட்டுத் திரும்பி வந்துவிட்டது. அப்போதும் "திங்கிறான், அதான்" என்றுதான் ஊர் சொன்னது. எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் விளக்குமாறு இல்லாமல் போயிற்று.

திருச்சியில் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்தான் சொன்னார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் இருக்கிறார், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர், பருமனுக்கே ஆபரேஷன் செய்கிறார், போய்ப் பாருங்கள் என்று. உடம்பை இளைக்க வைக்க ஆபரேஷனா என்று நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. அந்த வாரமே ரயிலேறினோம்.

அந்த சர்ஜன் குச்சி மாதிரி இருந்தார். பருமனைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "பகல்ல உக்காந்த இடத்துலயே தூங்கிடறீங்களா?" என்பது. இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இது உங்க தப்பு இல்ல. இந்த அளவுக்கு ஏறிட்ட உடம்பு, பட்டினி போட்டா இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும்" என்றார். அதைக் கேட்டதும் என் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பு இல்லை என்று யாரும் அவனிடம் அதுவரை சொன்னதில்லை.

ஒரு தாளில் வயிற்றைப் படமாகப் போட்டுக் காட்டினார். இதில் பல விதம் இருக்கிறதாம். ஒன்று, வயிற்றைத் தொடவே வேண்டாம், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிவிடுவது. கஞ்சி மட்டும் உறிஞ்சலாம். "இளைக்கும். கம்பியை அவுத்த அன்னைக்கே திரும்பி வர ஆரம்பிக்கும்" என்று அவரே அதை அடித்துவிட்டார்.

இரண்டாவது, சிறுகுடலின் மேல்முனையை வெட்டி, நடுவில் இருக்கிற அவ்வளவு நீளத்தையும் விட்டுவிட்டு, கீழ்முனையோடு ஒட்டிவிடுவது. எனக்கு உடனே பிடிபட்டது. வாய்க்கால் தண்ணீரை வயலுக்குள் விடாமல், மேட்டிலேயே வெட்டி நேராக வடிகாலில் சேர்த்துவிடுகிற வேலை. தண்ணீர் ஓடும், பயிர் குடிக்காது. "வேகமா இளைக்கும். நான் அங்க இருந்தப்ப நெறைய பேருக்குப் பண்ணியிருந்தாங்க. அப்புறம் பேதி நிக்காம, ஈரல் கெட்டு, கல்லு வந்து, அவங்கள்ல பல பேரைத் திரும்பத் திறந்து பழையபடி ஒட்டினோம். அதை நான் பண்றதில்ல" என்றார்.

மூன்றாவது, இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைக் குடலோடு நேரே இணைப்பது. சர்க்கரைக்கு அது ரொம்ப நல்லதாம். ஆனால் இணைப்பு ஒழுகினால் உயிருக்கு வந்துவிடுமாம், கொளஞ்சியின் மூச்சு இருக்கிற இருப்பில் அவ்வளவு நேரம் மயக்கத்தில் வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லையாம். நான்காவதுதான் அவர் கையில் இருந்தது. எதையும் வெட்டி எடுக்காமல், காகிதத்துக்குப் பின் அடிப்பது போல இரைப்பையின் குறுக்கே வரிசையாகப் பின் அடித்து, மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பை. அதன் வாசல் விரிந்துவிடாமல் ஒரு பட்டை.

"கொஞ்சம் சாப்பிட்டதும் நெறைஞ்சுடும். நெறைஞ்சா நிறுத்தணும். எடை இறங்க இறங்கச் சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும், முட்டிக்குப் பாரம் குறையும். தூக்கத்துல மூச்சு நிக்கறது போகும். எனக்கு அதுதான் முக்கியம், உங்களை முதல்ல கொல்லப்போறது அதுதான்."

"ஆபத்து உண்டுங்களா?" என்றேன்.

"உண்டு. மேஜையிலேயே போகலாம். காலில் ரத்தம் கட்டி, நெஞ்சுக்கு ஏறி, நாலு நாள் கழிச்சும் போகலாம்."

நான் எழுந்துவிட்டேன். "வாடா ஊருக்குப் போவலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவனை இழுக்கிற பலம் எனக்கு ஏது?

"பண்ணலன்னா, சார்?" என்று அவன் டாக்டரைக் கேட்டான்.

"மெதுவாப் போவீங்க."

"அக்கா, நீ வெளிய இரு" என்றான் தம்பி. பிறகு டாக்டரிடம், "எப்ப சார் வரணும்?" என்று கேட்டான்.

டாக்டர் இன்னும் ஒன்று சொன்னார். "இந்தப் பையை ஏமாத்தறது சுலபம். சோறுதான் தங்கும். பாயசம், கலர் சோடா, ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிட்டு இறங்கிடும். அதுல மயங்கினவங்க எல்லாம் பழைய எடைக்கே போயிட்டாங்க. பின் அடிக்கறது நான், காவல் காக்கறது நீங்கதான்."

ஆடி மாதத்தில் தேதி கொடுத்தார்கள். ஆடியில் போய் யாராவது கத்தி வைத்துக்கொள்வார்களா என்று பங்காளிகள் வந்து நின்றார்கள். "ஆடியில கல்யாணந்தான் ஆவாது, வவுத்த அறுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான் கொளஞ்சி.

ஆபரேஷன் நடந்த அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை நான் சொல்லப் போவதில்லை. பிழைத்தான். கூட வந்திருந்த கருப்பண்ணனுக்கு அதற்கு மேல் லீவு இல்லை. அவர் பெரம்பலூர் அரியலூர் லைனில் பஸ் டிரைவர். தம்பி கண் விழித்ததைப் பார்த்துவிட்டு அவர் ஊருக்கு ரயிலேறினார். நான் ஒரு மாதம் அங்கேயே கிடந்தேன்.

முதலில் வடிகட்டின கஞ்சித் தண்ணீர், ஸ்பூன் ஸ்பூனாக. பிறகு குழைந்த சோறு. ஒரு இட்லியைத் தின்ன அரை மணி நேரம். அவசரப்பட்டு ஒரு வாய் கூடுதலாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துவண்டு போவான். "வுட்டுடலாமாடா?" என்று ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டேன். "எத வுடறது, பின்னயா? அது உள்ள இருக்குக்கா" என்று சிரித்தான்.

ஊருக்கு வந்த பிறகு நான் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஐப்பசியில் சர்க்கரை மாத்திரை பாதியாயிற்று, கார்த்திகையில் நின்றே போயிற்று. பஸ் படியில் கம்பியைப் பிடித்து இழுக்காமல் ஏறினான். செருப்பு வாரைக் குனிந்து தானே மாட்டினான். எடை மேடை முள் நூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவில் நின்றது. குறட்டை அடங்கிப்போனதில் நான்தான் பயந்து பயந்து போய் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகி, லாரிக்காரர்கள், "மேனேஜர் எங்கப்பா?" என்று அவனிடமே கேட்டார்கள். அவனுக்கு அதில் ஒரே பெருமை.

மார்கழி பாதியில், தை பிறந்ததும் பரிசம் போட்டுவிடலாம் என்று கீழப்பழுவூருக்குச் சொல்லியனுப்பினேன். போன தரகர் மறுநாளே திரும்பி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அவுங்க வேண்டாங்கறாங்கம்மா. இராமலிங்கம் வேற எடத்துல பேச ஆரம்பிச்சுட்டாரு. ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மாப்ளைக்கு எந்த ஊருலம்மா பொண்ணு குடுப்பாங்க?"

"ஏன், ஆபரேஷன் பண்ணுனா என்ன? நல்லாத்தான இருக்கான்?"

"நல்லாத்தான் இருப்பாரு. ஒடம்புக்கு என்ன? வம்சத்துக்குத்தான..." என்று இழுத்தவர், குரலைத் தாழ்த்தி, "வாளி குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது தலை சுற்றியது. எங்கள் பக்கத்தில் குடல்வால் ஆபரேஷன் உண்டு, கண் ஆபரேஷன் உண்டு, ஓதத்துக்கு ஆபரேஷன் உண்டு. முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறும் ஆபரேஷன் என்றால் அது ஒன்றே ஒன்றுதான், குடும்பக் கட்டுப்பாடு. எழுபத்தாறில் முகாம் போட்டு ஆள் பிடித்தார்களே, அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. செய்துகொண்டவர்களுக்குப் பணமும் பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து அனுப்புவார்கள்.

யார் அப்படிச் சொன்னது என்று தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மெட்ராஸில் கிடந்தபோது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், இராமலிங்கத்தின் பங்காளி ஒருவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, மச்சினன் எங்கே என்று விசாரித்திருக்கிறார்.

"மெட்ராஸ்ல" என்றிருக்கிறார் இவர்.

"என்ன சேதி?"

"ஆபரேஷன்."

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகாத பையன் பணத்துக்காக ஆபரேஷன் பண்ணிக்கொண்டான் என்று கீழப்பழுவூர் முழுக்க ஆடியிலேயே பரவியாயிற்று. எங்கள் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த மனுஷனை நான் பேசிய பேச்சை எழுத முடியாது. எல்லாம் கேட்டுவிட்டு, "நான் பொய் சொல்லலியே" என்றார். அதுவும் உண்மைதான். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

கொளஞ்சி கோபப்படவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "நானே போறேன்" என்றான்.

"மாப்ள தானே போயிப் பொண்ணு கேக்கற பழக்கம் எங்கடா இருக்கு?"

"வவுத்துல பின்னு அடிச்சுக்கிட்டுப் பொண்ணு கேக்கற பழக்கமும் இல்லதான்" என்றான். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கும் நிற்காமல் நடந்தான். நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளை. இராமலிங்கம் வீட்டில் இருந்தார், அந்த டீக்கடைப் பங்காளியும் இருந்தார். பெண்ணின் அம்மா இருசம்மாள் கதவோரம் நின்றாள். செங்கமலம் உள்ளே இருப்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"வாங்க தம்பி" என்றார் இராமலிங்கம். வரவேற்கிற குரல் இல்லை அது.

"மாமா, நான் பண்ணிக்கிட்டது நீங்க நெனைக்கற ஆபரேஷன் இல்ல" என்றான் கொளஞ்சி. டாக்டர் போட்ட படத்தை அவனால் அழகாகச் சொல்ல முடிந்தது. இரைப்பை, பின், பட்டை, எலுமிச்சம்பழம். பங்காளி நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். அதைப் பார்த்ததும் தம்பி பேச்சை நிறுத்தினான். நின்ற இடத்திலேயே சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை எடுத்துவிட்டான்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து கூடப் பிறந்த என் முன்னால்கூட அவன் சட்டையைக் கழற்றியதில்லை. அவ்வளவு கூச்சம். இப்போது நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் தழும்பு நீளமாக ஓடியது. அதன் இரண்டு பக்கமும் காலியான தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பங்காளி வேறு பக்கம் பார்த்தார்.

"அந்த ஆபரேஷன எங்க பண்ணுவாங்கன்னு ஒங்களுக்கே தெரியும் மாமா" என்றான்.

இராமலிங்கம் வெகுநேரம் தழும்பைப் பார்த்தார். "செரி, ஒத்துக்கறேன். சட்டையப் போடுங்க" என்றார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. "ஆனா இது அதவுடப் பெருசாவுல்ல இருக்கு? வவுத்தையே தச்சுட்டாங்கன்னா சோறு எங்க எறங்கும்? சோறு எறங்காதவன் என்ன ஒழைப்பான், எப்புடிக் குடும்பத்தக் காப்பாத்துவான்? இருசு, எலையப் போடு. தம்பி நம்ம வூட்டுல ஒரு எலை சோறு சாப்டட்டும். அதுக்கப்பறம் நல்ல நாளு பாக்கலாம்."

"அதெல்லாம் அவனால..." என்று நான் ஆரம்பித்தேன். கொளஞ்சி என்னைப் பார்த்தான். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

செங்கமலம்தான் பரிமாறினாள். அவள் அளவாகத்தான் வைத்தாள். "நல்லா வையி புள்ள" என்று மாமன் அதட்டி, அன்னக்கூடையை வாங்கித் தானே கவிழ்த்தார். சோறு குவிந்தது. முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய், அப்பளம். தம்பி சின்னச் சின்னதாகப் பிசைந்து, ஒவ்வொரு வாயையும் கூழாக மென்று விழுங்கினான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலை போன்ற சோற்றில் ஓரத்தில் ஒரு குழி விழுந்தது. அதோடு கை நின்றது. இலைக்கு மேல் கையை மறைத்தான்.

"போதுங்க."

"என்னது? ஒரு மூலகூடக் கொறையல. சாப்புடுங்க."

"போதும் மாமா."

"செரி, சோறு வேணாம், படையலுக்கு வச்ச பாயசம் இருக்கு, அதச் சாப்புடுங்க. தண்ணி மாதிரிதான, அது எறங்குமில்ல?" என்று தம்ளர் நிறைய ஊற்றி இலை ஓரத்தில் வைத்தார்.

இறங்கும். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். குடித்துவிட்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் முகம் குளிர்ந்துவிடும், கல்யாணம் நடந்துவிடும். ஒரே ஒரு தம்ளர்தானே, குடித்துத் தொலையேண்டா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"எறங்கும் மாமா. எறங்குங்கறதாலதான் வேணாங்கறேன்" என்றான் கொளஞ்சி. "இன்னைக்கு ஒங்களுக்காக ஒண்ணு, நாளைக்கு எங்கக்காவுக்காக ஒண்ணுன்னு குடிச்சா, நான் திரும்பப் பழைய ஆளா ஆயிருவேன். எனக்குப் போதும்."

இராமலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "இந்த வூட்டு எலையில சோத்த வச்சுட்டு எந்திரிச்சா, சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம். தெரிஞ்சுதான் எந்திரிக்கிறீங்களா?"

"சம்பந்தம் எனக்கு வேணும் மாமா. வேணுங்கறதாலதான் மேஜையில ஏறிப் படுத்தேன். ஆனா அவுங்க கேட்டது உசுரோட ஒரு ஆளு. இதுக்கு மேல தின்னா அது நானா இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இலையை மூடக் குனிந்தான். ஆறு மாதம் அவன் பட்ட பாடு அத்தனையும் அந்த இலையோடு மடியப் போகிறது என்று நினைத்தேன்.

"மூடாதீங்க" என்றாள் செங்கமலம்.

மாமன் பக்கம் திரும்பினாள். "மாமா, எங்கப்பா எலையில ஒக்காந்து ஒரு நாளும் போதும்னு சொன்னதில்ல. நாம யாரும் அவரச் சொல்ல வுட்டதும் இல்ல."

எங்கள் பக்கத்தில் புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது ஒரு வழக்கம். எனக்கு அது அறவே பிடிக்காது. கருப்பண்ணன் இலையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, இனியும் உட்காரப் போவதில்லை. ஆனால் கல்யாணமாகாத பெண் ஒருத்தி அப்படி உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். கொளஞ்சி எழுந்த இடத்தில் செங்கமலம் உட்கார்ந்தாள். அவன் மிச்சம் வைத்த சோற்றை இழுத்துப் பிசைந்து முதல் வாயை எடுத்து வைத்தாள்.

இராமலிங்கம் தங்கையைப் பார்த்தார். இருசம்மாள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அந்த இலையில் மகளுக்கு ஊற்றினாள்.